வெளிநாட்டில் இறந்தவரின் பணமும் சொத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வட்டாரத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு கிடையாது. பட்டுக்கோட்டையில் மனு எழுதுவது, பத்திரங்களை மொழிபெயர்ப்பது என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பாஸ்போர்ட் நகல், பெர்மிட் அட்டை, கசங்கிய கம்பெனிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு யாராவது வந்து உட்காருவார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். தகராறு கோர்ட்டுக்குப் போனால் அந்தந்த ஊர் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

எங்க வீட்டுக்காரர் துபாய்ல தவறிட்டாரு. முதல்ல எந்தப் பேப்பரை வாங்கணும்ணே?

அந்த நாட்டு அரசு கொடுக்கும் இறப்புச் சான்றிதழ்தான் முதலில். ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்கும் அறிக்கையை இறப்புச் சான்றிதழ் என்று நினைத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அது மருத்துவக் காகிதம், அவ்வளவுதான். விபத்து என்றால் போலீஸ் அறிக்கையின் நகலும் வேண்டும். கூடவே வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பெர்மிட் அல்லது விசா அட்டை, வங்கி அட்டை என்று அவர் அறையில் இருந்த எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அறையில் கூட இருந்தவர்கள் பெட்டியைக் கட்டி அனுப்பும்போது துணிமணியோடு காகிதங்களும் குப்பைக்குப் போய்விடும். அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

அப்புறம், அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் இறப்பைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டை ரத்து செய்து, இறப்பைப் பதிந்து சான்று கொடுப்பார்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அந்தப் பதிவு இந்தியாவில் செல்லும். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ததால் ஊராட்சியில் பதியலாம் என்று சிலர் அலைகிறார்கள். அது நடக்காது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு.

அங்க குடுத்த சர்டிபிகேட் முழுக்க அரபியில இருக்கு. தாசில்தார் ஆபீஸ்ல இதை வாங்குவாங்களா?

அப்படியே கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். அந்த நாட்டிலேயே சட்டப்படி உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி, அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும், பிறகு இந்தியத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். இதைத்தான் அட்டெஸ்டேஷன் என்கிறார்கள்.

அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு வேலை சுலபம். அந்த நாடு ஒட்டும் ஒரே சான்று போதும், தூதரக முத்திரை தேவையில்லை. இந்தியா 2005லும், சிங்கப்பூர் 2021லும், சவுதி 2022லும் இதில் வந்தன. ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்பே உண்டு. எமிரேட்ஸ் (துபாய் இருக்கும் நாடு), குவைத், கத்தார் காகிதங்களுக்கு இன்னும் பழைய சுற்றுதான். எந்த வழியாக இருந்தாலும் அசல் நகல்கள் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அசலை வங்கியில் கொடுத்துவிட்டு, கம்பெனிக்குக் கொடுக்க இல்லாமல் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கியாச்சே. அதைக் காட்டினா அந்த ஊரு பேங்க்ல பணம் குடுத்துட மாட்டாங்களா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வாரிசு யார் என்பது ஒரு கேள்வி. இறந்தவரின் பணத்தைக் கையில் வாங்கும் அதிகாரம் யாருக்கு என்பது வேறு கேள்வி. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. இன்னாருக்கு மனைவி இவர், பிள்ளைகள் இவர்கள், தாய் இருக்கிறார் என்கிறது. அதில் பங்கு எவ்வளவு என்றும் இருக்காது, யார் போய் வாங்கலாம் என்றும் இருக்காது. வளைகுடாக் கம்பெனிகள் பலவும், நம் ஊர் வங்கிகளில் சின்னத் தொகைக்கும், இதோடு எல்லா வாரிசுகளின் சம்மதக் கடிதமும் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். பெரிய தொகை என்றால் நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள்.

இந்தியாவுக்குள் இருக்கும் வங்கிப் பணம், பங்குப் பத்திரங்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் கொடுக்கும் சக்ஸஷன் சர்டிபிகேட் போதும். சிங்கப்பூர் மாதிரி ஆங்கிலேயச் சட்ட வழி வந்த நாடுகளில் உயில் இருந்தால் புரோபேட், உயில் இல்லாவிட்டால் நிர்வாகப் பத்திரம் என்று அந்த ஊர் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இந்திய நீதிமன்றம் கொடுத்த புரோபேட்டையோ நிர்வாகப் பத்திரத்தையோ சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறு முத்திரை போட்டு வாங்கலாம், புதிதாக வழக்கு போட வேண்டாம். ஆனால் தாசில்தார் சான்றிதழுக்கு அப்படி முத்திரை போட முடியாது, அது நீதிமன்ற உத்தரவே அல்ல. சிங்கப்பூரில் விட்டுப்போனது மொத்தம் 50,000 வெள்ளிக்குள் என்றால் அங்குள்ள அரசுப் பொது அறங்காவலர் அலுவலகத்தை அணுகலாம். பெரும்பாலும் நீதிமன்றம் போகாமலே முடியும்.

சான்றிதழ்ல பேரு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி இருக்கு. அது ஒண்ணும் பிரச்சினை இல்லியே?

பெரிய பிரச்சினை அதுதான். சட்டத்தால் தாமதமானதை விடப் பேரால் தாமதமானதுதான் என் கையில் அதிகம். போன வருடம் வந்த ஒரு மகனின் பையைப் பிரித்தேன். அப்பாவின் பாஸ்போர்ட்டில் சொந்தப் பேருக்கு நேரே தகப்பனார் பேர், அதாவது தாத்தாவின் பேர் குடும்பப் பேராக நிற்கிறது. ஆதாரில் அதே தாத்தா ஒரே எழுத்து இனிஷியலாகச் சுருங்கிவிட்டார். ரேஷன் கார்டில் இனிஷியலும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பேர். வங்கிக் கணக்கில் ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடுதல். சிங்கப்பூர் வங்கியின் கண்ணில் இது ஐந்து ஆள்.

முதலில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போதே இறந்தவரின் பேரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, போடச் சொல்லுங்கள். விஏஓ ஊரில் வழங்கும் பேரை எழுதிவிடுவார், இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர் தனக்குத் தெரிந்த ஸ்பெல்லிங்கைப் போடுவார். கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். மீதி வித்தியாசங்களுக்கு எல்லாப் பேர்களையும் வரிசையாக எழுதி, இவை அனைத்தும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் செய்துகொள்ளலாம். மனைவியின் பாஸ்போர்ட்டிலோ ஆதாரிலோ கணவர் பேர் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில எவ்வளவு பணம் வரும்? அவங்க சொல்ற தொகைதான் சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வேலை முடியும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய பணிக்கொடைக்கு எமிரேட்ஸ் கணக்கு இது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹம், எட்டு வருட வேலை என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 50 திர்ஹம். ஐந்து வருடத்துக்கு 105 நாள், அடுத்த மூன்று வருடத்துக்கு 90 நாள், ஆக 195 நாள். 9,750 திர்ஹம் வர வேண்டும். கைக்கு வந்த மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டு, கம்பெனி ஏமாற்றுகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். சாப்பாடு, தங்குமிடப் படிகள் இதில் சேராது. இதற்கு மேல் பாக்கிச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் தனி. 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, இறந்தது தெரிந்த 10 நாளுக்குள் குடும்பத்துக்கு இந்தப் பாக்கியைக் கொடுக்க வேண்டும்.

சவுதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், பிறகு வருடம் ஒரு மாதச் சம்பளம். அதே எட்டு வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம் வரும். ஒரு எச்சரிக்கை: 'பைனல் செட்டில்மென்ட்' என்று ஒரு காகிதம் வரும். இனி எங்களுக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று அதில் ஒரு வரி இருக்கும். தொகை எழுதாமல் காலியாக விட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், ஊரில் காரியம் நடந்துகொண்டிருக்கும்போது அவசரப்படுத்தினாலும் சரி.

வேலை செய்யுற இடத்துல விபத்துல போயிட்டான். அதுக்குத் தனியாப் பணம் உண்டா?

உண்டு, அது மேலே சொன்ன செட்டில்மென்டில் சேராது. சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019 இருக்கிறது. யார் மேல் தப்பு என்று பார்ப்பதில்லை, வேலையின்போது நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளில் இறப்புக்கு 91,000 வெள்ளிக்குக் குறையாமல், 269,000 வெள்ளிக்கு மிகாமல், வயதையும் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும். இந்தச் சட்டப்படி பணம் வாங்கினால் அதே விபத்துக்குக் கம்பெனி மேல் தனி வழக்குப் போட முடியாது, இரண்டில் ஒன்றுதான். தங்குமிடத்தில் தூக்கத்தில் நெஞ்சுவலி வந்து போனதெல்லாம் இதில் சேர்வது கடினம்.

குடியேற்ற அனுமதி தேவை என்ற இசிஆர் முத்திரை உள்ள பாஸ்போர்ட்டில், அந்த அனுமதியை வாங்கி வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போனவர் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. போகும்போதே பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டுக்கு 275 ரூபாயோ 375 ரூபாயோ கட்டியிருப்பார். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். ஏஜென்ட் கட்டியதால் குடும்பத்துக்கே தெரியாமல் இருக்கும். இரண்டு அல்லது மூன்று வருடத்தில் காலாவதி ஆகிவிடும் என்பதால் தேதியைப் பாருங்கள்.

நாமினியா என் பேருதான் போட்டிருக்காரு. அப்ப முழுசும் எனக்குத்தானே?

நாட்டுக்கு நாடு பதில் மாறும். இந்தியாவில் வங்கிக் கணக்கு, பங்குகளில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய கைதான். பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை மறுபடி உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015க்குப் பிறகு பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

சிங்கப்பூர் சிபிஎப், அதாவது அந்த நாட்டு மத்திய சேமநிதி, வேறு மாதிரி. யார் பேரை எழுதியிருக்கிறாரோ பணம் முழுக்க அவருக்கே, உயிலில் வேறு எழுதியிருந்தாலும் இது மாறாது. ஆனால் கல்யாணம் ஆனதும் பழைய நியமனம் தானாக ரத்தாகிவிடும். கல்யாணத்துக்கு முன் அம்மா பேரை எழுதிவிட்டு, பிறகு மாற்றாமல் விட்டவர்கள் உண்டு. அம்மா நாமினிக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருவார், அது எப்போதோ செத்துப்போன காகிதம். இன்னொன்று, சிபிஎப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பெர்மிட்டில் போனவருக்குக் கணக்கே கிடையாது, தேடி அலைய வேண்டாம். மலேசிய ஊழியர் சேமநிதியான இபிஎப்பில் முஸ்லிம் அல்லாதவரின் நாமினிக்குப் பணம் சொந்தம். முஸ்லிமின் நாமினி பணத்தை வாங்கி ஷரியத் பங்குப்படி பிரிக்க வேண்டியவர் மட்டுமே.

அவரு ஏடிஎம் கார்டு எங்கிட்ட இருக்கு, பின் நம்பரும் தெரியும். எடுத்துக்கலாமா?

வேண்டாம். மனைவியே ஆனாலும் இறந்த தேதிக்குப் பிறகு எடுத்தது வங்கி ஏட்டில் நேரத்தோடு நிற்கும். மற்ற வாரிசு ஒருவர் புகார் கொடுத்தால் உங்கள் மேல் திரும்பும். இறப்புச் செய்தி போனதும் வங்கி கணக்கை முடக்கிவிடும். எமிரேட்ஸில் கூட்டுக் கணக்கிலேயே இறந்தவரின் பங்கை வாரிசு முடிவாகும் வரை நிறுத்தி வைப்பார்கள்.

சொத்து அங்க இருக்கு, நாங்க இங்க இருக்கோம். எந்த ஊருச் சட்டப்படி பங்கு பிரிப்பாங்க?

நிலம், வீடு என்றால் அது எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மண்ணின் சட்டம். பணம், நகை, பங்குகள் என்றால் இறந்தவர் எந்த நாட்டை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டுச் சட்டம். இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றும் வழி இதுதான், சிங்கப்பூரிலும் வழி இதுவே.

நிரந்தர இருப்பிடம் என்றால் எத்தனை வருடம் இருந்தார் என்பது இல்லை. இருபது வருடம் பெர்மிட்டில் விடுதிக் கட்டிலில் படுத்தவர், ஊரில் வீடு கட்டி, வருடத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு வந்துபோனவர் என்றால் அவருடைய நிரந்தர இருப்பிடம் அந்த ஊர்தான். அவருடைய சிங்கப்பூர் வங்கிக் கணக்கும் நம் சட்டப்படிதான் பிரியும். குடியுரிமை வாங்கி, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டவர் என்றால் கதை மாறும்.

மாமியாருக்கும் பங்கு இருக்குன்னு சொல்றாங்க. நிஜமா?

இதைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். சில சமயம் மாமியாரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உயில் இல்லாமல் ஒருவர் இறக்கிறார், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 படி நாலு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மகன், மகள் பேதம் இல்லை. தகப்பனார் உயிரோடிருந்தாலும் இந்த முதல் வரிசையில் அவருக்கு இடம் இல்லை, தாய்க்கு மட்டும் உண்டு.

அதே குடும்பத்துக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் பொருந்தினால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. தாய்க்கு ஒன்றுமில்லை. மலேசியாவின் 1958 சட்டப்படி முஸ்லிம் அல்லாதவருக்கு மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குச் சேர்த்துப் பாதி, பெற்றோருக்குக் கால். எமிரேட்ஸில் 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டப்படி முஸ்லிம் அல்லாதவருக்கு மனைவிக்குப் பாதி, மகன் மகள் எல்லோருக்கும் சமமாக மீதிப் பாதி, விரும்பினால் சொந்த நாட்டுச் சட்டத்தையும் கேட்கலாம். முஸ்லிம் குடும்பம் என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று.

ஆகவே எந்தச் சட்டம் என்ற முந்தைய கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அந்த ஒரு பதிலில் ஒரு கிழவியின் கால் பங்கு இருக்கிறது. தாயின் பேரை வாரிசுச் சான்றிதழில் விட்டுவிட்டு மனுப் போடச் சொல்லி என்னிடம் வருவார்கள். நான் எழுதுவதில்லை. தாய் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் முறையாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும்.

எங்களால அங்க போக முடியாது. அங்க இருக்குற தம்பிக்குப் பவர் குடுத்தா போதுமா?

போதும், ஆனால் எந்தப் பவர் என்பது முக்கியம். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். எந்தக் கம்பெனியில், எந்த வங்கியில், எந்தத் தொகையைப் பெற என்று குறிப்பாக எழுதுங்கள். பணத்தை யாருடைய எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது. நோட்டரி, மாநில அரசின் சான்று, பிறகு டெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று போகும். அந்த முத்திரை அப்போஸ்டிலாக இருந்தாலே போதுமா, அதற்குப் பிறகு தூதரகத்துக்கும் போக வேண்டுமா என்பது மேலே சொன்ன நாட்டுக் கணக்குத்தான்.

இறந்தவரே உயிரோடிருந்தபோது தம்பிக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்திருந்தாரே, அதை வைத்து எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடிய நிமிடமே அந்தப் பவரும் முடிந்துபோகிறது.

பிள்ளைங்க சின்னப் பசங்க. அவங்க பங்கை நானே வாங்கிக்கலாம்ல?

பணமாக வருவதைத் தாய் என்ற முறையில் இயற்கைக் காப்பாளராக நீங்கள் பெறலாம், ஆனால் சில நீதிமன்றங்கள் பிள்ளைகள் பேரில் வைப்புநிதியாகப் போடச் சொல்லும். பிள்ளைகள் பங்கு நிலத்தையோ வீட்டையோ விற்பதென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். சிங்கப்பூர் சிபிஎப்பில் 18 வயது ஆகும் வரை அரசுப் பொது அறங்காவலரே பிள்ளைகளின் பங்கை வைத்திருப்பார்.

அவரு அங்க லோன் வாங்கியிருக்காராம். பேங்க்காரன் எனக்கு போன் பண்றான். நான் கட்டணுமா?

அவர் விட்டுப்போன பணத்திலிருந்து கடன் முதலில் கழியும். மிஞ்சியதுதான் வாரிசுக்கு. மிஞ்சாவிட்டால் உங்கள் தாலிச் சங்கிலியை விற்றுக் கட்ட வேண்டியதில்லை, நீங்கள் ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போட்டிருந்தால் தவிர. ஊரில் வாங்கிய வட்டிக் கடனுக்கும் இதே கணக்கு.

போனில் பேசும்போது சரி, கட்டிவிடுகிறேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். கணக்கு விவரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கடனுக்கு ஆயுள் காப்பீடு இருந்ததா என்றும் கேளுங்கள், பல கடன்களோடு அதையும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள்.

பணம் வந்தா இங்க வரி கட்டணுமா?

வாரிசாக வந்த பணத்துக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. சாவு வரி என்று சொல்லப்பட்டது 1985லேயே போய்விட்டது. சிங்கப்பூரில் 2008 பிப்ரவரிக்குப் பிறகும், மலேசியாவில் 1991 நவம்பருக்குப் பிறகும் இறந்தவர்களுக்கு அங்கேயும் இல்லை. இங்கிலாந்தும் அமெரிக்காவும்தான் விவகாரம். அங்கே குடியிராத இந்தியர் ஒருவர் அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை வைத்துவிட்டு இறந்தால், 60,000 டாலருக்கு மேல் போனதும் அந்த நாட்டு வரி வந்துவிடும். கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இது.

பணத்தை இங்கே கொண்டுவராமல் அங்கேயே கணக்கிலோ வீடாகவோ வைத்திருக்கலாமா என்றால், வெளிநாட்டில் குடியிருந்தவரிடமிருந்து வாரிசாக வந்தது என்பதால் பெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதில் வரும் வட்டிக்கும் வாடகைக்கும் இங்கே வரி உண்டு, வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்டவும் வேண்டும். காட்டாமல் விட்டால் அபராதம் பெரிது.

சித்தப்பா சிங்கப்பூர் சிட்டிசன், கல்யாணம் ஆகலை. வீவக வீடு இருக்கு. அது எங்களுக்கு வருமா?

மதிப்பு வரும், வீடு வராது. வீவக, அதாவது சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிக் கொடுத்த வீட்டை வெளிநாட்டவர் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது, நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் விற்றுப் பணத்தைப் பிரிப்பார். வேறு ஒருவரோடு கூட்டு உரிமையில் வாங்கியிருந்தால் அதுவும் கிடையாது, உயிரோடிருக்கும் கூட்டாளிக்கு வீடு நேராகப் போய்விடும். முதலில் பத்திரத்தில் எந்த வகை உரிமை என்று பாருங்கள். கல்யாணமாகாத சித்தப்பாவுக்குப் பெற்றோரும் இல்லையென்றால் உடன்பிறந்தவர்கள் வாரிசு, அவர்கள் இறந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகள். அந்த இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள். உறவை நிரூபிக்கத் தாத்தா பாட்டியிலிருந்து காகிதம் வேண்டும்.

அங்க அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது. அவங்களும் பங்கு கேட்பாங்களா?

இந்துத் திருமணச் சட்டம் 1955 பொருந்துகிற இடத்தில், முதல் மனைவி இருக்கும்போது செய்த இரண்டாம் கல்யாணம் செல்லாது, அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற பங்கு இல்லை. ஆனால் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் சட்டப்படி பிறந்தவர்களாகவே கருதப்படுவார்கள், தகப்பன் சொத்தில் உங்கள் பிள்ளைகளைப் போலவே பங்கு உண்டு. பூர்வீகக் கூட்டுச் சொத்திலும் தகப்பனுக்கு வந்திருக்கக்கூடிய பங்கில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் சொன்னது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் என்ற சட்டத்துக்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவரின் இரண்டாம் கல்யாணம் அங்கேயும் செல்லாது.

கோபத்தில் அந்தப் பிள்ளைகளை மறைத்து மனுப் போட்டால், பிறகு அவர்கள் பிறப்புச் சான்றிதழோடு வந்து நிற்கும்போது வாங்கிய உத்தரவே ரத்தாகலாம். இதில் நான் ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வக்கீலைப் பாருங்கள்.

ஏஜென்ட் ஒருத்தர் முப்பது பர்சன்ட் குடுத்தா எல்லாம் முடிச்சுத் தர்றேன்கிறாரு. குடுக்கலாமா?

வளைகுடாச் செட்டில்மென்ட் தேங்கி நின்றால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் இருக்கிறது. வக்கீலுக்கு வேலைக்கு ஏற்ற கட்டணம் கொடுப்பது வேறு, கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரத்தைக் கொடுத்துப் பங்கு பேசுவது வேறு. உங்கள் குடும்பப் பேரில் ஒருவர் கோடிக்கணக்கில் டாலரை விட்டு இறந்துவிட்டார், முன்பணம் கட்டினால் கிடைக்கும் என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். இறந்தவரின் பேர்கூட உங்களுக்குத் தெரியாதே.

பதினஞ்சு வருஷமா அண்ணன்கிட்டேருந்து தகவலே இல்லை. இருக்காரா இல்லையான்னே தெரியலை. என்ன செய்யுறது?

ஏழு வருடம் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் யாருக்கும் தகவல் இல்லையென்றால், இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அனுமானித்து உத்தரவிடலாம். அதற்கு நீங்கள் தேடினீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். போலீஸில் காணவில்லைப் புகார், தூதரகத்துக்கு எழுதிய கடிதம், திரும்பி வந்த பதிவுத் தபால் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த உத்தரவு இல்லாமல் தாசில்தாரால் எதுவும் செய்ய முடியாது.

எங்க தாத்தாவுக்கு மலேயாவுல ரப்பர் தோட்டமும் பேங்க்ல பணமும் இருந்துச்சாம். இப்பக் கேட்டா கிடைக்குமா?

முதலில் பழைய கிராண்டு, அதாவது நிலப் பட்டா எண்ணைத் தேடுங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய கடிதத்திலோ இருக்கலாம். அந்த எண்ணும் மாவட்டப் பேரும் இருந்தால் மலேசிய நில அலுவலகத்தில் இப்போது யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கலாம். நில வரி பல வருடம் கட்டாமல் விட்டிருந்தால் மாநில அரசு நிலத்தை எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். நிலம் இன்னும் அவர் பேரில் இருந்தால் சிறு சொத்துகளை நில அலுவலகமே விசாரித்துப் பிரிக்கும்.

வங்கிப் பணம் ஏழு வருடம் யாரும் தொடாமல் கிடந்தால் உரிமை கோரப்படாத பணமாக அரசுக் கணக்குக்குப் போகும். 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நாட்டு அரசுத் தலைமைக் கணக்காளர் அலுவலகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அங்கேயிருந்து வாரிசுகள் திரும்பக் கேட்கலாம். ஆனால் தாத்தா, அப்பா, நீங்கள் என்று மூன்று தலைமுறைக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும், ஒவ்வொன்றிலும் மேலே சொன்ன பேர்ச் சிக்கல் காத்திருக்கும். பர்மா என்றால் நிலத்தை எதிர்பார்க்காதீர்கள். விவசாய நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் 1948லேயே வந்தது, 1960களில் கடை கண்ணிகளும் போயின. போன மாதம் ஒரு பெரியவர் ஈப்போவில் ஒரு தோட்டத்துக் காகிதம் என்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். விரித்துப் பார்த்தேன், வரி கட்டிய ரசீதுதான். ஆனால் ரசீதின் மூலையில் நில எண் தெளிவாக இருந்தது. அதை வைத்துத்தான் இப்போது அந்த ஊர் நில அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம்.